உச்சிக் கேமராவும் ஊர்ச் சந்தையும்: தொழில்முறைக் கருவி ஈட்டும் பெயர் எப்படி விற்பனையாகிறது?

கேமரா செய்யும் ஒவ்வொரு நிறுவனத்தின் விலைப்பட்டியலிலும் உச்சியில் ஒரு கருவி இருக்கும். பல லட்சம் ரூபாய் விலையுள்ள அந்தக் கருவியைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், விளையாட்டரங்கில் படமெடுப்பவர்கள், விளம்பரப் படக்கலைஞர்கள் எனச் சிலரே வாங்குகிறார்கள். பட்டியலின் நடுவிலும் அடியிலும் உள்ள கருவிகளையோ பெருங்கூட்டம் வாங்குகிறது. இருந்தும் நிறுவனங்கள் தம் தேர்ந்த பொறியாளர்களையும் பல ஆண்டு ஆராய்ச்சியையும் அந்த உச்சிக் கருவிக்கே முதலில் ஒதுக்குகின்றன. மேலே ஈட்டிய பெயர் கீழே விற்பனையாக இறங்கும் என்பதே அவற்றின் கணக்கு. ஒரு பொருளின் சிறப்பு அதே பெயர் தாங்கிய மற்றப் பொருள்களின்மேலும் படர்வதை வணிகவியலார் ஒளிவட்ட விளைவு என்பார்கள். இந்தக் கணக்கு எப்போது பலிக்கிறது, எப்போது பொய்க்கிறது என்பதற்குக் கேமராத் தொழிலின் எழுபதாண்டு வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகிறது. தமிழ்நாட்டுத் திரைத்துறையும் திருமணப் படத்தொழிலும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் அச்சான்றுகளுக்கு வலுச் சேர்க்கின்றன.

அந்தத் திருப்பூரைப் பார்க்க ஏற்ற இடம் ராயபுரம். அப்பெயரைக் கேட்டதும் வடசென்னையின் கடலோரப் பகுதி பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது திருப்பூர் மாநகரின் ராயபுரம். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து செல்கிறது. உள்நாட்டு மொத்த வியாபாரம் காதர்பேட்டையை மையமாகக் கொண்டு நடக்கிறது. இவற்றை ஒட்டி வாழும் ராயபுரம் போன்ற பகுதிகளில் கேமராவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, எல்லா ஊர்களிலும் போலத் திருமணமும் காதுகுத்தும். மற்றொன்று இத்தொழில் நகருக்கே உரியது: பையருக்கு அனுப்பும் சாம்பிள் படம், கேட்லாக், இணைய விற்பனைத் தளங்களில் ஏற்றும் ஆடைப்படம் என உற்பத்தியின் கடைசிக் கட்டமாகவே படமெடுப்பு அமைந்துவிட்டது. ஆகவே கேமராவின் பெயரை நம்பி வாங்குபவரும், அதன் வேலையை அளந்து பார்த்து வாங்க வேண்டியவரும் இங்கே ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

கேமராவின் பெயர் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்க்கலாம். இன்று நிக்கான் என அறியப்படும் நிறுவனம் 1917இல் நிப்பான் கோகாக்கு என்ற பெயரில் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பெரும்பாலும் ஜப்பானியப் படைகளுக்கான ஒளியியல் கருவிகளைச் செய்துவந்தது. போருக்குப் பின் அது கேமராச் சந்தைக்குள் நுழைந்தபோது, ஜப்பானியப் பொருள் என்றாலே மலிவு, ஜெர்மனியின் லைக்காவையும் ஸைஸையும் பார்த்துச் செய்த நகல் என்ற எண்ணமே உலகெங்கும் நிலவியது. அந்த எண்ணத்தை விளம்பரம் மாற்றவில்லை. 1950இல் டோக்கியோவில் இருந்த, லைஃப் இதழின் புகைப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜுன் மிக்கி, நிப்பான் கோகாக்குவின் நிக்கோர் லென்ஸால் எடுத்த படத்தின் தெளிவைக் கண்டு வியந்து, தொழிற்சாலைக்கே சென்று லென்ஸ்களைச் சோதித்துத் தம் லைக்கா கேமராக்களில் பொருத்திக்கொண்டார். சில நாட்களில் கொரியப் போர் மூண்டது. அந்த லென்ஸ்கள் வழியாகப் போர்முனையில் எடுத்த படங்கள் நியூயார்க்கை எட்டியபோது, இவ்வளவு துல்லியம் எப்படி வந்தது என்று இதழின் அலுவலகத்திலேயே கேள்வி எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இச்செய்தியை வெளியிட்டது. நிக்கானின் பெயர் முதலில் அதன் கேமராவால் வரவில்லை, லென்ஸால் வந்தது. அதுவும் போட்டியாளரின் கேமராவில் பொருத்தப்பட்ட லென்ஸால் வந்தது என்பது இவ்வரலாற்றில் பலரும் கவனியாமல் விடும் செய்தி.

1959இல் வெளிவந்த நிக்கான் எஃப் அந்தப் பெயருக்கு உடல் கொடுத்தது. படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே காட்சியையும் கண்ணாடி கொண்டு பார்க்கவைக்கும் கேமராவை ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் என்பார்கள். அவ்வகைக் கேமராக்கள் முன்பே இருந்தபோதிலும், பார்வைமாடத்தையும் குவியத் திரையையும் கழற்றி மாற்றலாம், மோட்டார் பூட்டலாம், அகலக்கோண லென்ஸ் முதல் நெடுந்தொலைவு லென்ஸ் வரை ஒரே பாடியில் பொருத்தலாம் என முழுமையான ஒரு தொகுதியாக எஃப் அமைந்தது. வியட்நாம் போரின் படங்கள் பலவும் அதில் எடுக்கப்பட்டவை. பெயர் கீழே இறங்கிய வழியும் இங்கேதான் தெரிகிறது. 1965இல் நிறுவனம் குறைந்த விலையில் ஒரு பாடியை வெளியிட்டது. அதில் எஃப்பின் லென்ஸ்கள் அனைத்தும் பொருந்தின, ஆனால் நிக்கான் என்ற பெயரை அதற்குத் தராமல் நிக்கோர்மேட் என்று தனிப்பெயர் இட்டது. 1979இல் இஎம் என்ற மலிவுக் கேமராவுக்கு நிக்கான் பெயர் கிடைத்தது. அதோடு விற்ற எளிய லென்ஸ்களுக்கோ நிக்கோர் என்ற பெயர் மறுக்கப்பட்டு, இ வரிசை என்றே அவை குறிக்கப்பட்டன. உச்சியில் சேர்த்த பெயரை எந்த அளவுக்குக் கீழே செலவழிக்கலாம் என்பதில் அந்நிறுவனம் காட்டிய இந்தக் கண்டிப்பு, பெயரின் மதிப்பை அது எவ்வளவு சரியாக எடைபோட்டிருந்தது என்பதற்குச் சான்று.

கேனனின் பாதை வேறு. 1930களில் தன் முதல் கேமராவுக்கு நிப்பான் கோகாக்குவிடமிருந்தே லென்ஸ் வாங்கிய அந்நிறுவனம், 1971இல் எஃப்-1 என்ற தொழில்முறைக் கேமராவை வெளியிட்டது. அதே ஆண்டில் நிக்கான் எஃப்2 வந்தது. பத்திரிகை உலகில் நிக்கானை எஃப்-1 வீழ்த்தவில்லை. ஆனால் 1976இல் அதே லென்ஸ்களை ஏற்கும் ஏஇ-1 வந்தபோது நிலைமை மாறியது. உள்ளே சிறு கணிப்பொறிச் சில்லு வைத்து ஒளியளவைத் தானே கணக்கிட்ட அந்தக் கேமராவைத் தொலைக்காட்சியில் பெரிய அளவில் விளம்பரம் செய்து, 50 லட்சத்துக்கும் மேல் கேனன் விற்றது. ஏஇ-1 விற்றதற்குக் காரணம் அதன் விலையும் எளிமையும்தான். எஃப்-1 செய்தது வேறொன்று: முதன்முறையாக நல்ல கேமரா வாங்கும் குடும்பத்தினருக்கு, பிற்காலத்தில் மேலே ஏற வேண்டுமென்றால் படிக்கட்டு உண்டு என்ற நம்பிக்கையை அது தந்தது. ஆகப் பெரும்பாலானோர் அந்தப் படிக்கட்டில் ஏறுவதே இல்லை. எனினும் அது இருக்கிறது என்பதற்காகவே பணம் கொடுக்கிறார்கள்.

இந்தப் படிக்கட்டைக் கேனனே 1987இல் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. பழைய லென்ஸ் எதுவும் பொருந்தாத, முழுக்க மின்னிணைப்பால் இயங்கும் புதிய மவுன்ட்டை, அதாவது பாடியில் லென்ஸ் பூட்டும் வளையத்தை, அது அறிமுகப்படுத்தியபோது பழைய லென்ஸ்களில் முதலீடு செய்திருந்த தொழில்முறையாளர்கள் கொதித்தார்கள். 1989இல் வந்த இஓஎஸ்-1 கேமராவும், ஓசையின்றி விரைந்து குவியும் நெடுந்தொலைவு லென்ஸ்களும் அந்தக் கோபத்தைத் தணித்தன. அந்த லென்ஸ்களின் வெளிப்பூச்சு வெண்மையானது. உள்ளே உள்ள ஃப்ளோரைட் படிகம் வெப்பத்தால் எளிதில் விரிவடைவதால், வெயிலில் சூடேறாமலிருக்க வெள்ளை பூசியதாக நிறுவனம் விளக்கியது. விளைவு தொழில்நுட்பத்தைத் தாண்டிப் போனது. ஒலிம்பிக் அரங்கிலும் கால்பந்துத் திடலிலும் எல்லைக்கோட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் வெள்ளைக் குழாய்களைத் தொலைக்காட்சி நேயர்கள் கோடிக்கணக்கில் பார்த்தார்கள். எந்த விளம்பரப் பலகையும் இல்லாமல், நிறம் ஒன்றே நிறுவனத்தின் அடையாளமாயிற்று. லென்ஸ் மாற்றத்தக்க டிஜிட்டல் கேமராக்களின் உலகச் சந்தையில் 2003 முதல் தானே முதலிடம் என்று கேனன் ஆண்டுதோறும் அறிவித்துவருகிறது. 1,000 டாலருக்கும் குறைந்த விலையில் 300டி என்ற எளிய டிஜிட்டல் கேமராவை அது கொண்டுவந்ததும் அந்த 2003இல்தான். உச்சியில் பெயர் இருந்தால் போதாது, அந்தப் பெயரைக் கையெட்டும் விலைக்குக் கொண்டுவரும் பொருளும் உரிய காலத்தில் வர வேண்டும் என்பதை இந்த ஆண்டு காட்டுகிறது.

எதிர்ச்சான்று மினோல்டா. 1985இல் அது வெளியிட்ட 7000 கேமரா தானியங்கிக் குவியத்தைப் பாடிக்குள்ளேயே அடக்கிச் சந்தையைக் கலக்கியது. அதே ஆண்டில் 9000 என்ற தொழில்முறைக் கேமராவும் வந்தது. ஹனிவெல் நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கால் 1992இல் 12 கோடி டாலருக்கும் மேல் செலுத்த நேர்ந்தது பெரிய அடி. அதைவிட ஆழமான குறை, தொழில்முறையாளரைத் தாங்கும் அமைப்பை நிக்கான், கேனன் அளவுக்கு அது வளர்க்காததே. போட்டி நடக்கும் அரங்கிலேயே கேமராவைப் பழுது பார்த்துத் தருவதும், பழுது முடியும்வரை மாற்றுக் கருவி தருவதும், விலையுயர்ந்த நெடுந்தொலைவு லென்ஸை இரவல் தருவதும் இந்த அமைப்பின் வேலைகள். இவை விலைப்பட்டியலில் தெரியாதவை. ஆனால் தொழில்முறையாளர் எந்தக் கேமராவைத் தோளில் மாட்டுகிறார் என்பதை முடிவு செய்பவை. கோனிக்காவோடு இணைந்த மினோல்டா 2006இல் கேமராத் தொழிலையே கைவிட்டது; அதன் தொழில்நுட்பத்தை சோனி பெற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் இந்த ஒளிவட்டம் நெடுங்காலம் வேறு விதமாகவே விழுந்தது. 1991க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுக் கேமரா, சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் உறவினர் கையிலோ சென்னை பர்மா பஜாரிலோதான் கிடைத்தது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இல்லாத நிலையில், உள்ளூர்ப் பழுது நீக்குபவருக்கு எந்தக் கேமராவின் உட்புறம் அத்துப்படியோ அதுவே நல்ல கேமரா ஆயிற்று. ஊர் ஸ்டூடியோக்களில் யாஷிகாவின் இரட்டை லென்ஸ் கேமராவுக்கு இருந்த மதிப்பு இந்த வகையைச் சேர்ந்தது. உலகப் பத்திரிகைத் துறையில் யாஷிகாவுக்குப் பெரிய இடம் இருந்ததில்லை. ஆனால் உழைத்துத் தேயாத பாடி, கைக்கெட்டும் விலை, பழுது பார்க்க ஆள் ஆகிய மூன்றும் இருந்ததால், இங்கே கேமரா என்றாலே நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றாக அது விளங்கியது. யாஷிகாவின் உரிமையாளரான கியோசெரா 2005இல் கேமரா உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. உச்சிக் கருவி இல்லாமலும் ஒரு நிறுவனம் ஊர்ப்பெயர் ஈட்டலாம் என்பதை யாஷிகாவின் கதை காட்டுகிறது. ஊர்ப்பெயர் மட்டும் நிறுவனத்தைக் காப்பாற்றாது என்பதையும் அதுவே காட்டுகிறது.

திரைத்துறையில் கேமராவை வாங்குபவர் வேறு, தேர்ந்தெடுப்பவர் வேறு. ஒளிப்பதிவாளர் கேட்கிறார், தயாரிப்பாளர் வாடகை கொடுக்கிறார், வாடகை நிறுவனம் வாங்கி வைக்கிறது. 1917இல் மியூனிக்கில் தொடங்கிய ஆரி நிறுவனம் குடும்பங்களுக்கான கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்து தன் பெயரைப் பரப்பவில்லை. ஒளிப்பதிவாளரின் நம்பிக்கை ஒன்றே அதன் முதல். ஃபிலிம் காலத்தில் ஆரிஃப்ளெக்ஸ் என்றும், 2010க்குப் பின் அலெக்ஸா என்றும் அதன் பெயர் கோடம்பாக்கத்தில் நிலைத்தது. இதனிடையே 2007இல் அமெரிக்காவின் ரெட் நிறுவனம், ஃபிலிமுக்கு நிகரான 4கே டிஜிட்டல் கேமரா என்ற முழக்கத்துடன் ரெட் ஒன்னை வெளியிட்டது. 2009இல் அருண் வைத்தியநாதன் இயக்கிய அச்சமுண்டு அச்சமுண்டு, ரெட் ஒன்னில் எடுத்த முதல் இந்தியப் படம் என்ற அடைமொழியோடு வந்தது. அதே ஆண்டில் கமல்ஹாசனின் உன்னைப்போல் ஒருவனும் அக்கேமராவிலேயே எடுக்கப்பட்டது. கேமராவின் பெயர் படத்துக்கு விளம்பரமானது. படத்தின் பெயர் கேமராவுக்கு விளம்பரமானது. நிக்கானுக்கு டங்கன் செய்ததை ரெட்டுக்குத் தமிழ்த் திரையுலகம் தன் அளவில் செய்தது எனலாம். அந்த ரெட் நிறுவனத்தையே 2024இல் நிக்கான் விலைக்கு வாங்கியது.

மறு திசையிலிருந்தும் ஓர் அலை வந்தது. 2008இல் கேனன் வெளியிட்ட 5டி மார்க் 2, நிழற்படக் கேமராவாகவே செய்யப்பட்டது. காணொளி எடுக்கும் வசதி செய்தியாளர்களின் தேவையை எண்ணிச் சேர்க்கப்பட்ட துணைவசதி. வினாடிக்கு 24 சட்டகம் என்ற சினிமா வேகம்கூடத் தொடக்கத்தில் அதில் இல்லை, 2010இல்தான் மென்பொருள் வழியாக வந்தது. ஆனால் பெரிய சென்சாரும் சினிமாவுக்கே உரிய மங்கிய பின்புலமும் குறைந்த விலையில் கிடைத்ததால், உலகெங்கும் இளம் இயக்குநர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அதன் உடன்பிறப்பான 7டியில் விஜய் மில்டன் ஒளிப்பதிவு செய்ய, பாலாஜி சக்திவேல் இயக்கிய வழக்கு எண் 18/9 2012இல் வெளிவந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. கல்யாணத்தில் கேண்டிட் எடுப்பவர் கையில் உள்ள அதே கேமராவில் தேசிய விருதுப் படம் எடுக்கலாம் என்ற செய்தி, எந்த நிறுவனமும் காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம். இங்கே ஒளிவட்டம் மேலிருந்து கீழே விழவில்லை. நடுத்தர விலைக் கருவி, தன்னைக் கையாண்டவர்களின் திறமையால் மேலே ஏறியது.

திருமணப் படத்தொழிலில் பெயரைவிடத் தோற்றம் வலுவாக வேலை செய்த காலமும் உண்டு. மண்டபத்தில் கூடிய உறவினர்களுக்குக் கேமராவின் உட்புறம் தெரியாது. தோளில் தூக்கிவைத்து எடுக்கும் பெரிய கேமரா என்றால் அது தொழில்முறைக் கேமரா, அவ்வளவே. தொலைக்காட்சி நிலையங்களின் தோள் கேமராக்கள் உருவாக்கிய மதிப்பு அது. 2007இல் சோனி வெளியிட்ட எச்விஆர்-எச்டி1000, இந்த மனநிலையை அறிந்து செய்யப்பட்ட கருவி. அதன் உள்ளே இருந்தது வீட்டு உபயோகக் கையடக்க வீடியோ கேமரா வகையைச் சேர்ந்த ஒற்றைச் சென்சார். வெளியே இருந்ததோ தோளில் அமரும் நீண்ட கருநிற உடல். ஆர்டர் பிடிப்பவருக்கு அந்த உடல்தான் தேவைப்பட்டது என்பதால் இதை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. தோளில் அமர்வதால் கை நடுக்கம் குறைவது உண்மையான பயன். எனினும் தொழில்முறை என்ற பெயர், தரத்திலிருந்து பிரிந்து வடிவமாக மட்டும் விற்கப்படக்கூடும் என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று கிடைப்பது அரிது.

அதே சோனி, நிழற்படத் துறையில் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கியது. 2013இல் வந்த ஆல்ஃபா 7, உள்ளே எகிறும் கண்ணாடி இல்லாத, ஃபிலிம் சட்டக அளவுச் சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமரா. தொழில்முறை உச்சிக் கருவி எனத் தக்க ஆல்ஃபா 9 அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 2017இல்தான் வந்தது. 2018இல் வந்த ஆல்ஃபா 7 மூன்றாம் பதிப்பு, இருட்டிலும் முகத்தையும் கண்ணையும் விடாமல் பற்றிக் குவிந்ததால் கல்யாண வீடுகளில் இடம் பிடித்தது. 2020இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்கள் அனைவருக்கும் சோனி கேமரா தர முடிவு செய்தபோது, அந்த அறிவிப்பு ஏற்கெனவே நடந்துமுடிந்த மாற்றத்துக்கு முத்திரை குத்தியது. ஐந்து ஆர்டர் எடுத்துப் பழகிய தொழில்காரர் பத்துப் பேருக்குச் சொல்லும் சொல், உச்சிக் கருவியைச் சாராமலேயே சந்தையைத் திருப்ப வல்லது.

பெயர் கெடுவதும் இதே வழியில்தான். 2012இல் நிக்கான் வெளியிட்ட டி600 கேமராவின் சென்சாரில் தூசும் எண்ணெய்த் துளியும் படிவதாகப் புகார் எழுந்தது. ஓராண்டில் டி610 என்ற மாற்று மாதிரி வந்தது. 2014 பிப்ரவரியில்தான் இலவசப் பழுதுநீக்கம் முழுமையாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே சீன அரசுத் தொலைக்காட்சியின் நுகர்வோர் நாள் நிகழ்ச்சி அதைக் கடுமையாகச் சாடியது. குறை எந்தக் கருவியிலும் வரும். ஒப்புக்கொள்ள எடுத்துக்கொண்ட காலமே பெயரைத் தின்றது.

அலைபேசியால் நேர்ந்த கையடக்கக் கேமராக்களின் வீழ்ச்சி இந்தப் பொருளாதாரத்தையே மாற்றிவிட்டது. 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் உலகச் சந்தைக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. உச்சிக் கேமரா ஈட்டும் பெயரைக் கொண்டு விற்பதற்குக் கீழே மலிவான கேமராக்கள் மிகக் குறைந்துபோயின. அதனால் பெயர் இப்போது தன் வீட்டைவிட்டு வெளியே, அலைபேசி நிறுவனங்களிடம் வாடகைக்குப் போகிறது. 2016இல் லைக்கா ஹுவாவேயோடும், 2020இல் ஸைஸ் விவோவோடும், 2021இல் ஹாசல்பிளாட் ஒன்பிளஸ்ஸோடும், 2022இல் லைக்கா ஷாவ்மியோடும் கைகோத்தன. நிலவில் மனிதன் இறங்கியபோது உடன்சென்ற ஹாசல்பிளாட் கேமராவின் பெயர் இன்று அலைபேசியின் முதுகில் பொறிக்கப்படுகிறது. அந்தப் பெயரோடு வண்ணச் சீரமைப்பு அறிவும் சேர்ந்தே வருகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெரிய சென்சாரும் பெரிய லென்ஸும் பெயரோடு கூடவே வந்துவிடுவதில்லை.

இந்தப் பின்னணியில் ராயபுரத்து ஆடைப்படத்தை அருகிலிருந்து பார்ப்பது பயன் தரும். பின்னல் துணி, நெருக்கமான கண்ணிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பரப்பு. கேமராவின் சென்சாரும் பிக்சல்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பரப்பு. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் இல்லாத அலைகள் தெரிவதுபோல, இவ்விரண்டு ஒழுங்குகளும் மோதும்போது துணியில் இல்லாத வரிகளும் வானவில் நிறங்களும் படத்தில் தோன்றும். இதை மோரே என்பார்கள். அங்குலத்துக்கு 36 கண்ணி வரிசை கொண்ட சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் ஒன்று 20 அங்குல அகலம் என்று கொள்வோம்: குறுக்கே 720 வரிசைகள். 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த ஆடை 3,000 பிக்சல் அகலத்துக்கு நிறைந்தால் ஒரு வரிசைக்குச் சுமார் 4 பிக்சல் கிடைக்கும். ஒரு வரிசையைப் பிழையின்றிப் பதிவு செய்யக் குறைந்தது 2 பிக்சல் வேண்டும் என்பது விதி. ஆகவே வடிவம் தப்பிக்கும். ஆனால் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு நிறத்தை மட்டுமே உணர்வதால், சிவப்புக்கும் நீலத்துக்கும் கிடைப்பது அதில் பாதி, அதாவது எல்லைக்கோடு. நிறவரிகள் முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

இக்குறையைத் தடுக்கச் சென்சாரின் முன் படத்தை மிக நுண்மையாக மங்கவைக்கும் வடிகட்டி ஒன்று வைக்கப்படுவதுண்டு. 2012இல் நிக்கான் 36 மெகாபிக்சல் டி800ஐ அந்த வடிகட்டியுடனும், அதன் விளைவை நீக்கிய டி800இயைக் கூடுதல் விலைக்கும் வெளியிட்டது. நிலக்காட்சி எடுப்பவருக்கு இரண்டாவது உயர்ந்தது. துணியைப் படமெடுப்பவருக்கோ விலை குறைந்த முதலாவதே பாதுகாப்பானது. உயர்விலை உயர்தரம் என்ற சமன்பாடு ஒரு தொழிலில் மெய்யாகவும் பக்கத்துத் தொழிலில் பொய்யாகவும் ஆவதற்கு இந்த இணையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதற்கும் மேலே, இணைய விற்பனைத் தளத்தில் ஏற்றுவதற்காக ஆடை 700 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கப்படும்போது ஒரு கண்ணி வரிசைக்கு ஒரு பிக்சல்கூட மிஞ்சாது. சுருக்கும் முறை சரியில்லை என்றால் எந்த உச்சிக் கேமராவில் எடுத்திருந்தாலும் மோரே திரும்பி வரும். அமேசான் தளம் முதன்மைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கக் குறைந்தபட்சமாகக் கேட்பது 1,000 பிக்சல்தான் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

நிறம் இன்னும் நுட்பமானது. வெள்ளை பனியனுக்குப் பளிச்சென்ற வெண்மை தர, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் வெண்மையூட்டி சேர்க்கப்படுகிறது. படமெடுக்கும் விளக்கில் புற ஊதா மிகுந்தால் வெள்ளை நீலம் பாரிக்கும். பக்கத்தில் உள்ள, வெண்மையூட்டி சேராத துணி மஞ்சளாகத் தெரியும். சாயப்பட்டறையில் லேப் டிப் (மாதிரிச் சாயத் துணி) போட்டு, ஷேடு ஒப்பிட்டு, பையர் ஒப்புதல் வாங்கி உருவாக்கிய நிறம், கடைசியில் விளக்காலும் கேமராவின் வெண்சமன் அமைப்பாலும் மாறிப்போனால், நிறம் வேறு என்று சரக்கு ரிட்டர்ன் ஆகும். இந்த நட்டத்தைத் தடுப்பவை நிறம் பிறழாத விளக்கு, ஒப்பிட்டுத் திருத்த உதவும் வண்ண அட்டை, அளவுசெய்த திரை ஆகியவை. உச்சிக் கேமராவின் விலையில் சிறு பங்குக்கு இவை மூன்றும் கிடைக்கும். ஆனால் இவற்றுக்குப் பெயர் இல்லை, ஒளிவட்டம் இல்லை. அதனாலேயே பலரும் கேமராவுக்குப் பணம் முழுவதையும் கொட்டிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள்.

திருப்பூருக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று. எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்ற சொல் உள்நாட்டுச் சந்தையில் எவ்வளவு விற்றுத் தந்திருக்கிறது என்பதும், அந்தச் சொல்லை ஒட்டிக்கொண்டு வரும் சரக்கை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) பார்க்காமல், துவைத்துச் சுருக்கம் பார்க்காமல் அனுபவசாலி எவரும் எடுப்பதில்லை என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். துணியில் காட்டும் அதே எச்சரிக்கையைக் கேமராவிலும் காட்டினால் போதும். வாங்கப் போகிறவர் தம் கம்பெனியின் வெள்ளைத் துணி ஒன்று, அடர்நிறத் துணி ஒன்று, நெருக்கமான ரிப் பின்னல் துணி ஒன்று எனக் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே படமெடுத்து, விற்பனைத் தளத்துக்கு ஏற்றும் அளவுக்குச் சுருக்கிப் பார்த்த பின் விலை பேச வேண்டும். பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், எத்தனை நாளில் திரும்பும், அதுவரை மாற்றுக் கருவி கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளையும் பில் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும். கேமரா நிறுவனங்களும் தம் உச்சிக் கருவிக்குத் தலைநகரங்களில் நடத்தும் அறிமுக விழாக்களின் செலவில் ஒரு பங்கை எடுத்து, திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் பழுதுநீக்க மையமும் இரவல் கருவியும் தர முன்வர வேண்டும்.